லூயிசியா: பாறையிடுக்கின் பூச்செடி

பாறைத்தோட்டத்துச் செடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள், ஒரு செடியின் உறுதியை அளப்பதற்குக் குளிர் ஒன்றையே கோலாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. எத்தனை பாகை உறைபனியில் அது பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டால், அதன் சுபாவம் முழுவதையும் சொல்லித் தீர்த்துவிட்டதாகவே அவர்கள் திருப்தியடைகிறார்கள். இந்த அத்தியாயத்துக்கு விஷயமாகிய லூயிசியாவைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் பாதிதான் பயன்படும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸுக்கும் அப்பால் இறங்கும் பனிக்காலத்தைச் சகித்து, வசந்தம் வந்ததும் ஒன்றுமே நேராததுபோலப் பூத்து நிற்கிற இந்தச் செடி, அதில் பாதிக் குளிர்கூட இல்லாத ஓர் ஆங்கிலத் தோட்டத்தில், மழை விடாது தூறிக்கொண்டிருக்கும் ஜனவரி மாதத்தில், இலைக்கொத்தின் அடியில் நீர் தங்கிய ஒரே காரணத்தால் அழுகிச் சாகிறது. வேரும் தண்டும் கூடுகிற இடத்தைக் கழுத்து என்பார்கள். விரற்கடை அகலமே உள்ள அந்தக் கழுத்தை உலர்ந்த நிலையில் வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுவதும் பல வகையில் சொல்லப் போகிறேன்.

லூயிசியாப் பேரினத்தில் இருபதுக்கு உட்பட்ட இனங்களே உள்ளன. ராக்கி மலைத்தொடரிலிருந்து பசிபிக் கரையோர மலைகள் வரையில் பரந்துகிடக்கும் பூமியே அவற்றின் தாயகம். தாவர சாஸ்திரிகள் நெடுங்காலம் இவற்றைப் பருப்புக்கீரைக் குடும்பத்திலேயே சேர்த்திருந்தார்கள். 2009-இல் வெளிவந்த புதிய வகைப்பாட்டில்தான் மோன்டியேசி என்னும் தனிக் குடும்பம் ஏற்கப்பட்டு, லூயிசியா அதில் இடம்பெற்றது. குடும்பம் பிரிந்தாலும் உறவு மாறவில்லை. நம் ஊர் வரப்பில் முளைக்கும் பருப்புக்கீரையையும், வீட்டு முற்றத்துத் தொட்டியில் வெயில் ஏறிய பின்னரே மலரும் பத்துமணிப் பூவையும் அறிந்தவர், லூயிசியாவின் சதைப்பற்றுள்ள இலையைத் தொட்ட மாத்திரத்தில் அந்த உறவை உணர்ந்துகொள்வார். தமிழ்நாட்டுச் சமவெளியில் இதை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம், பத்துமணிப் பூவே போதும் என்பதுதான் என் யோசனை. குளிர்காலம் என்று ஒன்று இல்லாமல் இந்தச் செடிக்கு ஆண்டுச் சக்கரம் சுழலாது. இங்கிலாந்திலோ கனடாவிலோ குடியேறி, வீட்டுக்குப் பின்னால் சிறு நிலமும் சில கற்களும் வாய்க்கப்பெற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனின் கட்டளைப்படி, மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் இருவர் தலைமையில் ஒரு சிறு படை, 1804 முதல் 1806 வரை மிசௌரி நதியின் வழியே மேற்கே சென்று பசிபிக் கடலைக் கண்டு திரும்பியது. 1805 ஆகஸ்ட் மாதத்தில், அந்தப் படையைச் சேர்ந்த ட்ரூயார் என்னும் வேட்டைக்காரர், ஷோஷோனி மக்கள் சிலரோடு ஏற்பட்ட கைகலப்புக்குப் பின் அவர்கள் விட்டுச்சென்ற மூட்டைகளைக் கொண்டுவர, அவற்றில் உலர்ந்த வேர்கள் சில இருந்தன. லூயிஸ் அவற்றை வேகவைத்துச் சுவைத்துப் பார்த்தார். கசப்புத் தாங்காமல் உடனிருந்த பூர்வகுடியினரிடமே கொடுத்துவிட்டார். அவர்கள் ஆவலோடு உண்டார்கள். மறு ஆண்டு திரும்பும் பிரயாணத்தில், இன்றைய மொன்டானா மாநிலத்தில், லோலோ ஓடைக்கரையில் பிரயாணிகளின் இளைப்பாறுமிடம் என்று அவர்களே பெயரிட்டிருந்த முகாமில் தங்கியிருந்தபோது, 1806 ஜூலை 1-ஆம் தேதி, அந்தச் செடியையே பூவோடு பறித்து உலர்த்தி எடுத்துக்கொண்டார்.

அந்த உலர்ந்த செடிகள் பிலடெல்ஃபியா நகரத்துக்கு வந்துசேர்ந்த பிறகு நடந்ததுதான் விசேஷம். காகிதங்களுக்கிடையே அழுத்தி வைக்கப்பட்டுப் பல காலம் கழிந்திருந்த ஒரு வேரில் உயிரின் அறிகுறி தென்படவே, அந்நகரில் நாற்றங்கால் நடத்திய பெர்னார்ட் மக்மஹோனின் தோட்டத்தில் அதை நட்டார்கள். அது துளிர்த்து, ஓராண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. ஜெர்மனியில் பிறந்த ஃபிரெடரிக் பர்ஷ் என்னும் தாவர சாஸ்திரி, 1814-இல் லண்டனில் வெளியிட்ட வட அமெரிக்கத் தாவரங்களைப் பற்றிய நூலில் இச்செடியை வர்ணித்து, பேரினத்துக்கு லூயிஸின் பெயரையும், மாண்டு பிழைத்த அதன் சக்தியைக் கருதி இனத்துக்கு ரெடிவிவா என்ற பெயரையும் சூட்டினார். அந்த மரியாதையைக் கண்டு மகிழ லூயிஸ் அப்போது உயிரோடில்லை. 1809-ஆம் ஆண்டிலேயே, டென்னசியில் வழித்தங்கல் விடுதி ஒன்றில், முப்பத்தைந்து வயதில் அவர் வாழ்வு முடிந்திருந்தது.

இதே அற்புதம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னும் கடுமையான பரீட்சையில் தேறியது. பிரிட்டிஷ் கடற்படை வைத்தியரான டேவிட் லயால் பசிபிக் பக்கத்து மலைகளில் திரட்டிய செடியொன்று, அதன் பிடிவாதமான உயிரை ஒழித்து உலரச் செய்வதற்காகவே கொதிநீரில் அமிழ்த்தப்பட்டது. அதன் பின் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கழிந்தும் அது துளிர்க்க முயன்றதைக் கண்டு கியூ தோட்டத்தில் நட, 1863 மே மாதத்தில் குறைவறப் பூத்தது. மொன்டானா மாநிலம் 1895-இல் இந்தக் கசப்புவேர்ச் செடியின் மலரைத் தன் அடையாள மலராக ஏற்றுக்கொண்டது. அங்கே ஒரு பள்ளத்தாக்கும், ஓர் ஆறும், ஒரு மலைத்தொடரும் அதன் பெயரால் வழங்குகின்றன. ஆனால் இந்தக் கௌரவங்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே, அப்பள்ளத்தாக்கின் சாலிஷ் மக்கள், வசந்தத்தில் பூ விரிவதற்கு முன், தோல் எளிதாகக் கழலும் பருவம் பார்த்து வேரைத் தோண்டி, உரித்து உலர்த்தி, ஆண்டு முழுவதற்கும் ஆகாரமாகச் சேமித்து வந்தார்கள். அவ்வேரின் குணத்தை முதலில் அறிந்தவர்கள் அவர்களே. சாஸ்திர உலகம் அறிந்தது அதற்குப் பின்னர்தான்.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டு, எப்படி வைத்தாலும் சாகாத செடி இது என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் பலர். கதை காட்டுவது வேறு. காகித மடிப்பிலே அந்த வேர் பிழைத்தது, அங்கே அது உலர்ந்திருந்ததனால். தடித்த வேரில் சேமித்த சத்தைக் கொண்டு, மழையில்லா மாதங்களை உறங்கிக் கழிப்பது அதன் இயல்பான வாழ்க்கையில் ஒரு பகுதி. அதே வேரை ஈரக் களிமண்ணில் சில வாரம் புதைத்து வைத்திருந்தால், பர்ஷ் பெயர் சூட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிராது.

எந்த இனத்தை வாங்குவது

தோட்டக்காரனுடைய நோக்கில் லூயிசியாக்கள் இரண்டு பிரிவாகும். பூத்து முடிந்ததும் இலையுதிர்த்து மண்ணுக்குள் ஒடுங்கி உறங்குபவை ஒரு பிரிவு. ஆண்டு முழுவதும் பசுமையான இலைக்கொத்தோடு இருப்பவை மற்றொரு பிரிவு. முதற்பிரிவில் ரெடிவிவா தலைமையானது. அதன் ஊசி இலைகள் பூ விரியும் சமயத்திலேயே வாடிப்போக, வெறும் சரளையிலிருந்து நேரே எழுந்ததுபோல ஐந்தாறு சென்டிமீட்டர் அகலமுள்ள இளஞ்சிவப்பு மலர் தரையோடு தரையாக விரிகிறது. தென்கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் வளரும் வெண்ணிறப் பிராக்கிகேலிக்ஸும் இந்தப் பிரிவினதே. இவை கண்ணுக்கு இனியவை. ஆயினும் முதல் முயற்சிக்கு உகந்தவை அல்ல.

முதலில் வாங்கவேண்டியது கோட்டிலிடன் என்னும் பசுமை மாறா இனமே. கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையும் ஓரிகனின் தென்மேற்கு மூலையும் கூடுகிற சிஸ்கியூ, கிளாமத் மலைகளில், பெரும்பாலும் வடக்கு நோக்கிய பாறைச் சரிவுகளின் இடுக்குகளில் அது வளர்கிறது. கரண்டி வடிவான தடித்த இலைகள் தட்டையாக வட்டமடித்து அடுக்கியிருக்க, வசந்தத்தின் முடிவில் அவற்றின் இடையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள காம்புகள் கிளம்பி, கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமான பல மலர்களைத் தாங்கி நிற்கும். காட்டுச் செடியின் இதழில் வெண்மைக்கு நடுவே இளஞ்சிவப்புக் கோடு ஓடும். இலையின் ஓரம் நெளிநெளியாயுள்ளதை ஹவலி என்றும், இலையோரத்தில் பற்கள் உள்ளதை ஹெக்னெரி என்றும் வகை பிரித்திருக்கிறார்கள். இவற்றை ஒன்றோடொன்று கலந்து, மஞ்சள், செம்மஞ்சள், கருஞ்சிவப்பு என்று வர்ண பேதங்களைப் பெருக்கியவர்களில் இங்கிலாந்தின் ஆஷ்வுட் நாற்றங்கால் பெயர் பெற்றது. கடையில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட கலப்புகளே. அவற்றின் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சளைவிட, மலையிலிருந்து வந்தபடியே உள்ள கோடிட்ட இளஞ்சிவப்புக்குத்தான் என் ஓட்டு. ஆனால் ருசி பேதத்தில் வழக்காடுவதற்கில்லை.

ஈரத்துக்கு அஞ்சுகிற இக்குடும்பத்தில் சற்றே தைரியசாலி, சியரா நெவாடா மலையின் உயரங்களில் உருகும் பனியின் அருகே வளரும் லாங்கிபெட்டலா. அதன் கலப்பிற் பிறந்த லிட்டில் பிளம் என்னும் சிறு செடி, முதற்பூவுக்குப் பின்னும் இடையிடையே மறுபடி பூப்பதால், பொறுமை குறைந்தவர்களுக்கு ஏற்றது. நெவாடென்சிஸ், பிக்மேயா இரண்டும் மிகச் சிறியவை, தாமே விதையுதிர்த்துப் பெருகக்கூடியவை. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றினும் அழகியது என்று பலரும் ஒப்புகிற ட்வீடி, வாஷிங்டன் மாநிலத்து வெனாட்சி மலைகளில் வளர்வது. பாதாமிப் பழ நிறமும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய மலர்களைப் பூக்கும். இன்று சாஸ்திரிகள் அதை லூயிசியாப்சிஸ் என்று தனிப் பேரினமாக்கிவிட்டார்கள். தோட்டக்காரர்கள் பழைய பெயரைக் கைவிடவில்லை. கோட்டிலிடனைச் சில குளிர்காலம் காப்பாற்றிக் காட்டியவரே அதனிடம் போகலாம்.

நடும் முறை

ஒரு செடியை எப்படி நடவேண்டும் என்பதை அறிய, அது பிறந்த இடத்தில் மழை எப்போது பெய்கிறது, பெய்த நீர் எங்கே போகிறது என்னும் இரண்டையும் கேட்டறிந்தாலே பெரும்பாலும் போதும். சிஸ்கியூ மலைகளில் கோடை வறண்டது. ஈரம் வருவது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். உயரமான இடங்களில் அது பனியாக விழுந்து செடியை மூடிக்கொள்ளுமேயன்றி நீராகத் தேங்காது. பனி உருகும்போதோ, செங்குத்தான பாறையில் செடி பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதால், நீர் இலைக்கொத்தில் நில்லாமல் வழிந்தோடி, பாறையின் உட்பிளவில் நெடுந்தூரம் சென்றிருக்கும் வேருக்கு மட்டும் எட்டுகிறது. வேருக்குக் குளிர்ச்சியான ஈரம், கழுத்துக்குக் காற்றோட்டமான வறட்சி. இவ்விரண்டையும் ஒருங்கே தருவது பாறைச் சுவர் ஒன்றே. ஆகையால் லூயிசியாவைச் செங்குத்தாக அல்லாமல், கிராமத்து வீட்டுச் சுவரின் மாடத்தில் விளக்கை வைப்பதுபோல, கற்சுவரின் இடுக்கில் முகம் வெளியே பார்க்கும்படி பக்கவாட்டில் நடுவதே சிறந்த முறை.

சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவரை எழுப்பும்போதே நட்டுவிடுவது எளிது. ஒரு வரிசைக் கல்லை வைத்து, அதன் பின்பக்கம் சற்றே தாழ்ந்திருக்குமாறு சாய்வு கொடுத்து, மேலே இரண்டு விரற்கடை கனத்துக்கு மண் கலவையைப் பரப்பி, செடியின் வேர்களைப் பின்னோக்கி விரித்துக் கிடத்தி, மேலும் சிறிது கலவை தூவி அடுத்த கல்லை அமர்த்தவேண்டும். கல் பின்பக்கம் தாழ்ந்திருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலே விழும் மழைநீர் அந்தச் சாய்வின் வழியே உள்ளே சென்று வேரைச் சேரும், முன்பக்கமிருக்கும் இலைக்கொத்தோ உலர்ந்தே நிற்கும். மேற்கல் செடியின் கழுத்தை நசுக்காதிருக்க, இருபுறமும் சிறு கற்துண்டுகளை முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம். முன்பே கட்டி முடித்த சுவராயின், பெரிய செடியைத் திணிக்க முயல்வது வீண். ஓராண்டு வயதுள்ள கன்றை எடுத்து, வேரைச் சுற்றியுள்ள மண்ணை மெல்லத் தட்டையாக்கி, இடுக்கினுள் குச்சியால் தள்ளிச் செருகி, வாயை ஈரப் பாசியால் அடைத்துவிட்டால் போதும்.

திசையும் முக்கியம். காலை வெயில் படும் கிழக்கு முகமும், மாலை வெயில் சாய்வாக விழும் வடமேற்கு முகமும் பொதுவாக நல்லவை. கோடை கொளுத்துகிற உள்நாட்டுப் பிரதேசங்களில் வடக்கு முகமே ஏற்றது. மேகமூட்டம் மிகுந்த ஸ்காட்லாந்தில் இவ்வளவு நிழல் தேட வேண்டியதில்லை. ரெடிவிவாவுக்கு மட்டும் எங்கும் முழு வெயில் வேண்டும், ஏனெனில் அது நிழலான இடுக்கை விட்டுத் திறந்த சரளை வெளியில் வாழ்வது.

மண் கலவை எளியது: நல்ல தோட்டமண் ஒரு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு, 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள கூரிய சரளைப் பொடி இரண்டு பங்கு. சரளை கருங்கல் வகையாக இருக்கட்டும். சுண்ணாம்புக்கல்லைத் தவிர்க்கவும், ஏனெனில் கோட்டிலிடன் சமநிலையிலோ சிறிதே புளித்த நிலையிலோ உள்ள மண்ணையே விரும்பும். கட்டட வேலைக்குரிய நயமான மணல் பயன்படாது. அது மண்ணின் துவாரங்களை அடைத்து, வடிகாலைக் கெடுத்துவிடும். சுவரில்லாமல் சமதரையில்தான் நடவேண்டும் என்னும் கட்டாயமிருப்பவர்கள், தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரமாவது மேடுகட்டி, செடியை ஒரு பக்கம் சாய்த்து நட்டு, கழுத்தைச் சுற்றிலும் மண்ணே படாதபடி இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு வெறும் சரளையால் வளையமிடவேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரையில் செடிக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டை நான்கு கம்பிகளில் தாங்கவிடுவது நல்லது; அது மழையைத் தடுக்கவேண்டுமே ஒழியக் காற்றைத் தடுக்கக்கூடாது, ஆகையால் பக்கங்களை மூடவேண்டாம்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் ஆழமான மண்தொட்டியையே தேர்ந்துகொள்ளவேண்டும். பிளாஸ்டிக் தொட்டியின் பக்கங்களில் ஈரம் வெளியேறாது. நீரைத் தலைக்கு மேல் ஊற்றாமல், ஒரு தட்டில் நீர் விட்டுத் தொட்டியை அதில் வைத்து, மேற்பரப்புச் சரளை நிறம் மாறியதும் எடுத்துவிடலாம். பிப்ரவரி இறுதியில் இலைகளின் நடுவில் புதுத்துளிர் அசையும்போது நீரைக் கூட்டி, மொட்டுக் காம்பு எழும்போது தழைச்சத்துக் குறைந்த தக்காளி உரத்தைப் பாதி வீரியத்தில் இரண்டொரு தடவை கொடுத்து, பூ முடிந்தபின் நீரைக் குறைத்து, இலையுதிர்காலத்தில் மீண்டும் சிறிது கொடுத்து, குளிர்காலத்தில் ஏறக்குறைய நிறுத்திவிடவேண்டும். அப்போது இலைகள் தளர்ந்து சுருங்கி, செடி பரிதாபமாகக் காட்சியளிக்கும். அதைக் கண்டு மனமிரங்கி நீர் வார்ப்பவர் கையில்தான் பெரும்பாலான லூயிசியாக்கள் மாள்கின்றன. இலையுதிர்க்கும் இனங்களுக்கோ, இலை வாடியது முதல் இலையுதிர்காலத் தொடக்கம் வரையில் ஒரு சொட்டு நீரும் வேண்டியதில்லை. தொட்டி மாற்றுவதற்கு ஏற்ற காலம் பூ முடிந்த உடனேயாகும்.

அழுகலும் பூச்சிகளும்

அழுகல் கழுத்தில்தான் தொடங்கும். வெளிவட்ட இலை ஒன்று, தொட்டவுடன் எதிர்ப்பின்றிக் கையோடு வருமானால், அதன் அடியைப் பார்க்கவும்: காய்ந்து தாளாக இருந்தால் அது மூப்பு; பழுப்பாகி வழவழத்திருந்தால் நோய். நோயாயின் தாமதிக்கலாகாது. செடியைத் தோண்டியெடுத்து, கூரிய கத்தியால், பழுப்பு நிறம் முற்றும் நீங்கி வெண்மையான திசு தெரியும் வரையில் சீவி, வெட்டுவாயில் கந்தகப் பொடி தடவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவைத்து, பிறகு கூர்மணலில் நிறுத்தினால், பல சமயங்களில் புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். பழைய ஜீவசக்தி இங்கே கைகொடுக்கிறது. வருமுன் காப்பதற்கு, காய்ந்த இலைகளை அவ்வப்போது நீக்கவேண்டும். முழுவதும் காயாத இலையைப் பிய்த்தால் பச்சைப் புண் உண்டாகும். முழுவதும் காய்ந்த இலையை விட்டுவைத்தால் அது ஈரத்தைப் பஞ்சாகப் பிடித்துவைக்கும். பூத்தோய்ந்த காம்புகளுக்கும் இதே விதி.

பூச்சிகளில் பொல்லாதது வைன் வீவில் என்னும் கூன்வண்டின் புழு. வெண்ணிறமாய், காலற்று, வளைந்த உடலோடு மண்ணுக்குள் வாழும் இது, இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வேரை உள்ளே தின்றுகொண்டிருக்க, மேலே செடி வாடும். நீர் போதவில்லை என்று எண்ணி நாம் நீர் ஊற்ற, புழு தொடங்கியதை அழுகல் முடித்துவைக்கும். வாடிய தொட்டிச் செடியை முதலில் கவிழ்த்து வேரைப் பாருங்கள், நீர் பிறகு. இப்புழுவைத் தாக்கும் நுண்புழுக்களை நீரில் கலந்து ஊற்றும்படி இப்போது கடைகளில் விற்கிறார்கள். மண் சற்று வெதுவெதுப்பாயுள்ள கோடை இறுதியில் இட்டால் பலன் தரும். மாவுப்பூச்சி வேரிலும், அசுவினி பூக்காம்பிலும், நத்தை இளந்துளிரிலும் வரக்கூடும்; அவற்றுக்குப் பிற செடிகளுக்குச் செய்வதையே செய்யலாம்.

விதையும் கன்றும்

மலையில் நடக்கும்போது கண்ட செடியைப் பெயர்த்தெடுத்துவந்து நடுகிற பழக்கம் ஒரு காலத்தில் பெருமையாகக் கருதப்பட்டது. மூட்டைமூட்டையாகத் தோண்டி விற்ற காலமும் உண்டு. லூயிசியாக்களில் சில, நெவாடாவின் ஒரு சிறு மலைப்பகுதியில் மட்டுமே வாழும் மாகுவைரியைப் போல, மிகக் குறுகிய எல்லைக்குள் அடங்கியவை. அங்கே பத்துச் செடியை எடுப்பது பெரும் நஷ்டம். பெயர்த்தெடுத்த முதிர்ந்த செடியின் நீண்ட வேர் அறுபட்டுப்போவதால், கொண்டுவந்தவருக்கும் அது அனேகமாகப் பயன்படுவதில்லை. விதை எல்லாருக்கும் கிடைக்கிறது. 1929-இல் இங்கிலாந்தில் தோன்றிய ஆல்பைன் கார்டன் சொசைட்டி, 1933-இல் தோன்றிய ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப், 1934-இல் தோன்றிய வட அமெரிக்க ராக் கார்டன் சொசைட்டி ஆகியவை தம் அங்கத்தினரிடையே ஆண்டுதோறும் விதைகளைப் பரிமாறிக்கொள்ளுகின்றன. கடையில் காணக்கிடைக்காத இனங்களும் அவற்றின் பட்டியலில் இருக்கும். இந்தப் பேரினத்தை ஆழ்ந்து அறிய விரும்புவோர்க்கு, 1989-இல் வந்த பிரையன் மாத்யூவின் நூல் உற்ற துணை.

விதை கறுத்து மினுமினுப்பாக இருக்கும். காய் அடியில் வட்டமாகக் கழன்று தொப்பியோடு விழுந்துவிடுவதால், முதிரும் நாட்களில் தினந்தோறும் கவனித்து எடுக்கவேண்டும். குளிரை அனுபவியாத விதை சரிவர முளைக்காது. இலையுதிர்காலத்தில், முன் சொன்ன கலவையில் சரளையைச் சற்றுக் கூட்டி, விதையை மேலே தூவி, மெல்லிய சரளைப் படலத்தால் மூடி, தொட்டியை வெளியே குளிரில் விட்டுவிட்டால், குளிர்காலத்தின் முடிவில் முளை காணும். விதை தாமதித்துக் கிடைத்தவர்கள், ஈர மணலோடு கலந்து, குளிர்ப்பெட்டியில் 4 பாகை அளவில் ஐந்தாறு வாரம் வைத்திருந்து பின் விதைக்கலாம். முளைக்கும்வரை சூடான அறைக்குள் கொண்டுபோகவேண்டாம். உஷ்ணம் மிகுந்தால் விதை மறுபடி உறங்கிவிடும். ட்வீடியின் விதை மனம்போனபடி முளைப்பது. முதல் வசந்தத்தில் ஒன்றும் தெரியவில்லையென்று தொட்டியைக் கொட்டிவிடாமல் இரண்டாம் வசந்தம் வரையில் வைத்திருக்கவேண்டும்.

கோட்டிலிடன் நாற்று இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ முதற்பூப் பூக்கும். பல வர்ணங்களைச் சேர்த்து வளர்க்கும் தோட்டத்தில் தேனீக்கள் எல்லாவற்றையும் கலந்துவிடுவதால், விதை தாய்ச்செடியைப் போலவே வருமென்று எதிர்பார்க்க முடியாது; வேண்டிய நிறத்தை அப்படியே பெருக்க, பக்கக்கன்றே வழி. பூ முடிந்த கோடைத் தொடக்கத்தில், இலைக்கொத்தின் ஓரத்தில் கிளம்பியுள்ள சிறு கொத்தை அடிக்கட்டையின் ஒரு துண்டோடு அறுத்தெடுத்து, வெட்டுவாய் ஆறுவதற்கு ஓரிரு நாள் விட்டு, கூர்மணலில் ஊன்றி நிழலில் வைத்தால், ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் வேர்விடும். வேரூன்றிய கன்றை அந்த ஆண்டே சுவரில் வைக்க ஆசை எழும். முதற்குளிர்காலத்தைச் சிறு தொட்டியில், மழைபடாத கூரையின்கீழ் கழிக்கச் செய்து, ஏப்ரலில் வைப்பது பாதுகாப்பானது. கலந்த விதையிலிருந்து வந்த நாற்றுகளில் முதற்பூவைக் கண்டு, நிறம் மங்கியவற்றையும் காம்பு தளர்ந்து சாய்பவற்றையும் ஒதுக்கிவிட்டு, மிகச் சிறந்த இரண்டு மூன்றை மட்டும் அடையாளமிட்டு, வரும் கோடையில் அவற்றிலிருந்தே கன்றெடுக்கலாம். ஒதுக்கியவற்றைக் கேட்கும் அயலாருக்குக் கொடுத்துவிடலாம், கழுத்தைச் சுற்றிச் சரளை போடும்படி சொல்லி.